ஜீன் டெஸ்ட், ஜெனடிக் கவுன்சிலிங்: எங்கிட்ட திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள்

நான் டாக்டர் இல்ல. தக்கலை பக்கம் ஒரு லேப்ல ரத்தம் எடுக்கிற ஆளு, 14 வருஷமா இதே வேலை. எனக்க அக்கா மவனுக்கு தசை நோய்னு தெரிஞ்சப்போ நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்குமா மூணு வருஷம் அலைஞ்சோம். அந்த அலைச்சல்ல கத்துகிட்டது பாதி, லேப்ல சாம்பிள் அனுப்பி அனுப்பி தெரிஞ்சது மீதி. அதுக்கப்புறம் ஊர்ல யாருக்கு இந்த மாதிரி பிரச்சனைனாலும் "அவன்கிட்ட கேளு"ன்னு நம்பர குடுத்து விட்டுருதாவ. ஒரே பதில தினமும் போன்ல சொல்லி தொண்டை காயுது, அதான் எழுதி வச்சிட்டேன். கேள்விய கேட்டவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

ஜெனடிக் கவுன்சிலிங்னா என்னதாக்கும்? மனசு சரியில்லாதவங்களுக்கு குடுப்பாவளே, அதுவா?

அது இல்ல. அந்த "கவுன்சிலிங்"ங்குற வார்த்தையாலயே பாதி பேரு வர மாட்டேங்காவ, "எங்களுக்கு பைத்தியமா"ன்னு கேட்டவரும் உண்டு. இது என்னன்னா, குடும்பத்துல ஒரு நோய் பரம்பரையா வருதா, வந்தா அடுத்த பிள்ளைக்கு வர எவ்வளவு வாய்ப்பு, எந்த டெஸ்ட் எடுக்கலாம், எது தேவையில்ல, ரிசல்ட் வந்தா என்ன செய்யலாம், இதெல்லாம் உக்காந்து பேசுறது. முடிவு அவங்க எடுக்க மாட்டாங்க, நீங்க தான் எடுக்கணும். "இந்த பிள்ளைய வச்சிக்கோ, வேண்டாம்"னு ஒருத்தர் சொல்லுதாருன்னா அவரு கவுன்சிலிங் பண்ணலன்னு அர்த்தம்.

மரபியல்ல டிஎம்ங்கற மேற்படிப்பு முடிச்ச டாக்டரும் செய்வாரு, அதுக்குன்னே எம்எஸ்சி படிச்ச கவுன்சிலரும் செய்வாங்க. ஒரு தடவைக்கு முக்கா மணிக்கூர், ஒரு மணிக்கூர் ஆகும். அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருச்சுன்னா நீங்க சந்தேகப்படலாம்.

மொத தடவ போகும்போ என்னத்த கொண்டு போகணும்? வெறும் வயித்துல போகணுமா?

வெறும் வயிறு தேவையே இல்ல, சாப்பிட்டுட்டே போங்க, பஸ்ல தலை சுத்தி விழாம இருந்தா போதும். பழைய ரிப்போர்ட் எல்லாம் வேணும், கிழிஞ்சதா இருந்தாலும். பிள்ளை இறந்து போயிருந்தா அந்த டிஸ்சார்ஜ் சம்மரி, ஃபோட்டோ இருந்தா அதுவும். ஆனா எல்லாத்தவிட முக்கியம் குடும்ப கதை. மூணு தலைமுறைக்கு கேப்பாங்க: யாரு யாருக்கு பிள்ளை, யாரு சின்னதுல செத்தாங்க, எத்தன தடவ கரு கலைஞ்சுது, சொந்தத்துல கெட்டுனாங்களா. ஆணுக்கு சதுரம், பெண்ணுக்கு வட்டம் போட்டு வரைவாங்க.

நாங்க போனப்போ ஒண்ணும் தெரியாம முழிச்சோம். வீட்டுக்கு வந்து எங்க பெரியம்மைகிட்ட கேட்டு ஒரு கல்யாண பத்திரிகைக்க பின்பக்கம் வரைஞ்சேன். வரைஞ்சிட்டு இருக்கும்போ தான் பெரியம்மை சொன்னா, "எங்க அம்மைக்க தம்பி ஒருத்தன் உண்டுமே, பத்து வயசுக்கு மேல நடக்க மாட்டான், முத்தத்துலயே இழைஞ்சி கெடப்பான், பதினேழு பதினெட்டுல போயிட்டான்"ன்னு. அம்பது வருஷமா யாரும் வாயே தொறக்கல. அந்த ஒரு சதுரம் தான் டாக்டருக்கு வழி காட்டிச்சு. அதனால டெஸ்ட்டுக்கு காசு கெட்டுறதுக்கு முன்ன வீட்ல இருக்க வயசானவங்ககிட்ட உக்காந்து பேசுங்க, அதுக்கு செலவு ஒரு சாயா தான்.

எங்க ரெண்டு குடும்பத்துலயும் யாருக்கும் இல்ல. பின்ன எப்படி எனக்க பிள்ளைக்கு மட்டும்?

இது தான் எல்லாரும் கேக்குறது. மூணு வழி உண்டு. ஒண்ணு, ஒளிஞ்சிருந்து வர்றது. ஒவ்வொரு ஜீனும் நமக்கு ரெண்டு காப்பி, ஒண்ணு அப்பாகிட்ட இருந்து, ஒண்ணு அம்மைகிட்ட இருந்து. சில நோய்க்கு ரெண்டு காப்பியும் கெட்டுருந்தா தான் நோய், ஒண்ணு மட்டும்னா ஆளு நல்லா இருப்பாரு, அவர கேரியர்னு சொல்லுவாங்க. புருஷனும் பொண்டாட்டியும் ஒரே ஜீனுக்கு கேரியரா அமைஞ்சிட்டா ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலுல ஒரு வாய்ப்பு. ஒவ்வொரு பிள்ளைக்கும்! "மொத பிள்ளைக்கு வந்துட்டு, இனி மூணு பிள்ளைக்கு வராது"ன்னு கணக்கு போட்டவங்கள நான் பாத்திருக்கேன், அப்படி இல்ல, ஒவ்வொரு தடவையும் சீட்டு புதுசா குலுக்குறது.

ரெண்டாவது, அந்த பிள்ளையில தான் புதுசா மாற்றம் நடந்திருக்கும், அப்பா அம்மைக்க ரத்தத்துல தேடுனா கிடைக்காது. டவுன் சிண்ட்ரோம் பெரும்பாலும் இப்படி தான், குரோமோசோம்னா ஜீன் எல்லாம் அடுக்கி வச்சிருக்க பொதி மாதிரி, 46 இருக்க வேண்டிய இடத்துல 21ஆம் நம்பர் ஒண்ணு கூடி 47 ஆகிடும். மூணாவது, அம்மை வழியா ஆம்பள பிள்ளைக்கு மட்டும் தெரியிறது, அது அடுத்த கேள்வி.

அம்மை வழியா வருகுன்னா மருமவளுக்க குத்தம் தானே?

குத்தம்னு ஒண்ணு கிடையாது, யாரும் ஜீன கடையில பொறுக்கி எடுக்கல. நிறக்குருடு உதாரணம் சொன்னா ஈசியா வெளங்கும். நம்ம ஊர்ல பட்டாளத்துக்கு போற பயலுவ மெடிக்கல்ல நிறக்குருடுன்னு திரும்பி வருவானுவ, விசாரிச்சா அம்மைக்க அப்பாவுக்கோ தாய்மாமனுக்கோ இருக்கும். எக்ஸ் குரோமோசோம்ல உள்ள ஜீன் அது. பெண்ணுக்கு ரெண்டு எக்ஸ், ஒண்ணு கெட்டா இன்னொண்ணு சமாளிச்சிடும். ஆணுக்கு ஒரே ஒரு எக்ஸ், மாத்துக்கு ஆளு இல்ல. ரத்தம் உறையாத ஹீமோஃபிலியாவும், எங்க வீட்டு பயலுக்கு உள்ள டுஷேன் தசை நோயும் இதே கணக்கு. அம்மை கேரியர்னா ஒவ்வொரு ஆண் பிள்ளைக்கும் பாதிக்கு பாதி வாய்ப்பு, பெண் பிள்ளை கேரியரா இருக்கவும் பாதிக்கு பாதி.

டுஷேன்ல ஏறக்குறைய மூணுல ஒரு பயலுக்கு அது புதுசா வந்த மாற்றம், அம்மை கேரியரே இல்ல. மருமவள திட்டுறதுக்கு முன்ன இத மாமியாருமாரு தெரிஞ்சிக்கணும். பின்ன ஒரு அடையாளமும் சொல்லிடுறேன்: மூணு நாலு வயசு பய தரையில இருந்து எந்திரிக்கும்போ நேரா எந்திரிக்காம, கைய முட்டுல ஊணி, பிறகு தொடையில ஊணி, தனக்க மேலயே ஏறுறது மாதிரி எந்திரிச்சான்னா, கெண்டைக்கால் தடிச்சும் இருந்தா, "சோம்பேறி"ன்னு விட்டுராதீங்க. சிபிகேன்னு ஒரு சாதா ரத்த டெஸ்ட், எந்த லேப்லயும் எடுக்கலாம், 200க்குள்ள இருக்க வேண்டியது இவங்களுக்கு பல ஆயிரத்துல நிக்கும். எங்க பயலுக்கு ஒரு வருஷம் கால்சியம் டானிக் குடுத்து வச்சிருந்தாங்க ஒரு ஆஸ்பத்திரில.

ஒரே ரத்த குரூப்பு ஆளுவ கல்யாணம் கெட்டுனா பிள்ளை ஊனமா பெறக்குமாமே?

இல்லவே இல்ல. ஜாதகத்தோட சேத்து குரூப் பாத்து சம்பந்தத்த வேண்டாம்னவங்க உண்டு, பாவம். பொண்ணு நெகட்டிவ், மாப்பிள பாசிட்டிவ்னா மட்டும் டாக்டர்கிட்ட சொல்லணும், ஆன்டி டின்னு ஊசி 28 வாரத்துலயும் பிள்ளை பாசிட்டிவா பெறந்தா 72 மணிக்கூருக்குள்ளயும் போடுவாங்க. அவ்வளவு தான். கல்யாணத்துக்கு முன்ன ரத்தம் பாக்கணும்னு ஆசைன்னா குரூப்ப விட தலசீமியாங்கற பரம்பரை ரத்தசோகைக்கு டெஸ்ட் பாருங்க, அத கீழ சொல்லுதேன்.

சொந்த மாமன் மவள கெட்டலாமா? எங்க பாட்டா பாட்டி எல்லாம் அப்படி தான், எல்லாரும் நல்லா தானே இருந்தாவ?

எந்த கல்யாணத்துலயும் பிள்ளைக்கு பிறவிக் கோளாறு வர வாய்ப்பு நூத்துக்கு ரெண்டு மூணு. மாமன் மவ, அத்த மவ கெட்டுனா அது நூத்துக்கு நாலுல இருந்து ஆறு வரை ஆகும். அதாவது தொண்ணூத்தி நாலு பேருக்காவது ஒண்ணும் ஆகாது, அதனால தான் பாட்டா நல்லா இருந்தாரு. கூடுறதும் உண்மை, பயமுறுத்துற அளவுக்கு இல்லங்கறதும் உண்மை. அக்கா மவளையே கெட்டுனா அத விட கூடும், ஏன்னா தாய்மாமனுக்கும் மருமவளுக்கும் நாலுல ஒரு பங்கு ஜீன் ஒண்ணு, முறைப்பொண்ணுன்னா எட்டுல ஒரு பங்கு.

ஆனா குடும்பத்துல ஏற்கனவே ஒரு பிள்ளைக்கு ஒளிஞ்சி வர்ற நோய் இருந்தா இந்த சதவீதம் எல்லாம் செல்லாது, மேல சொன்ன நாலுல ஒண்ணு கணக்குக்கு போயிடலாம். அங்க கல்யாணம் பேசுறதுக்கு முன்ன போய் பாக்குறது தான் நல்லது. கல்யாணம் முடிஞ்சாச்சு, வயித்துல பிள்ளை இருக்குன்னா சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல, 11லிருந்து 14 வாரத்துக்குள்ள உள்ள ஸ்கேனையும் 18, 20 வாரத்துல உள்ள ஸ்கேனையும் விடாதீங்க.

கிரகணத்தன்னைக்கு வெளிய போனதுனால தான் உதடு பிளந்து பெறந்துன்னு சொல்லுதாவ?

கிரகணத்துக்கும் உதட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. உதடும் அண்ணமும் மொத மூணு மாசத்துக்குள்ளயே சேந்து முடிஞ்சிடும், ஜீனும் காரணம், சில மருந்து, புகையிலை, சத்துக்குறைவும் காரணம். ஃபோலிக் ஆசிட் மாத்திரைய கர்ப்பம் ஆகுறதுக்கு முன்னாடியே தொடங்கணும், தண்டுவடம் மூடாம பெறக்குறத அது பெருமளவு தடுக்கும். நாள் தள்ளிப்போய் ரெண்டு மாசம் கழிச்சி மாத்திரை வாங்குறது அந்த விஷயத்துக்கு லேட்டு, ஏன்னா கரு உண்டாகி நாலு வாரத்துலயே தண்டுவடம் மூடிடும்.

மணவாளக்குறிச்சி மணல்ல கதிர்வீச்சு உண்டுல்லா, அதுல நம்ம ஜீன் எல்லாம் கெட்டு தான் இப்படி வருகா?

நம்ம கடற்கரை மணல்ல மோனசைட்னு ஒரு தாது இருக்கு, அதுல கதிர்வீச்சு விடுற தோரியம் இருக்கு, இயற்கை கதிர்வீச்சு மத்த ஊர விட கூடுதல், இதெல்லாம் உண்மை. இதே மாதிரி மணல் உள்ள கொல்லம் பக்கம் கருநாகப்பள்ளில திருவனந்தபுரம் ஆர்சிசி கேன்சர் ஆஸ்பத்திரிக்காரங்க பல வருஷம் ஆளுகள தொடர்ந்து கவனிச்சாங்க, கதிர்வீச்சால புற்றுநோய் கூடுனதா தெரியல. கேரளா கடற்கரையில லட்சத்துக்கு மேல பெறந்த குழந்தைகளையும் பாத்தாங்க, பிறவிக் கோளாறுலயும் வித்தியாசம் தெரியல. மணல் எடுக்குறது வேணுமா வேண்டாமாங்கறது வேற சண்டை, அதுல எனக்கும் கருத்து உண்டு, ஆனா ஒரு பிள்ளைக்கு தலசீமியா வந்ததுக்கு மணல குத்தம் சொன்னா அடுத்த பிள்ளைக்கு எடுக்க வேண்டிய டெஸ்ட் விட்டுப்போகும்.

மாசமா இருக்கும்போ எடுத்த டெஸ்ட்ல டவுன் சிண்ட்ரோம் ஹை ரிஸ்க், 1:180ன்னு வந்திருக்கு. கலைக்கணுமா?

மொதல்ல உக்காருங்க. 1:180ன்னா இதே மாதிரி ரிப்போர்ட் வந்த 180 பேருல ஒருத்தருக்கு இருக்கலாம், 179 பேருக்கு இருக்காது. டபுள் மார்க்கர், குவாட்ரபிள்ங்கற ரத்த டெஸ்ட், பிள்ளைக்க பிடரிய பாக்குற என்டி ஸ்கேன் எல்லாம் சலிச்சி எடுக்குற டெஸ்ட் தான், உறுதி பண்ற டெஸ்ட் இல்ல. என்ஐபிடின்னு ஒண்ணு உண்டு, 10 வாரத்துக்கு மேல அம்மைக்க ரத்தத்துலயே பாக்கலாம், டவுன் சிண்ட்ரோம ரொம்ப நல்லா கண்டுபிடிக்கும், ஆனா அதுவும் சலிக்கிறது தான். உறுதி பண்ண பனிக்குட தண்ணி எடுத்து பாக்கணும், 15 வாரத்துக்கு மேல, ஸ்கேன பாத்துகிட்டே மெல்லிய ஊசியால எடுப்பாங்க. அதனால கரு கலையுற வாய்ப்பு நூத்துல ஒண்ணுக்கும் குறைவு, ஆனா பூஜ்ஜியம் இல்ல, அத தெரிஞ்சிட்டு தான் ஒத்துக்கணும்.

அம்மைக்க வயசும் கணக்குல உண்டு: 25ல ஆயிரத்துக்கு ஒண்ணுக்கும் குறைவு, 35ல சுமாரா 350ல ஒண்ணு, 40ல 100ல ஒண்ணு. உறுதி ஆன பிறகும் வச்சிக்கணுமா வேண்டாமாங்கறது உங்க முடிவு. சட்டப்படி 2021 திருத்தத்துக்கு பிறகு 24 வாரத்துக்கு மேல பெரிய கோளாறுன்னு மருத்துவ குழு சொன்னா தான் கலைக்க முடியும், அதனால நாள தள்ளாதீங்க. ஒரு வாரம் சாமி கும்பிட்டுட்டு வாறோம்னு போனவங்க ஒரு மாசம் கழிச்சி வந்தாங்க, கும்பிடுங்க, கூடவே அப்பாயின்ட்மென்ட்டும் போட்டு வைங்க.

அந்த டெஸ்ட்ல ஆணா பொண்ணான்னும் தெரியுமே, ரகசியமா கேட்டா சொல்லுவாவளா?

சொல்ல மாட்டாங்க, சொல்லவும் கூடாது. 1994 சட்டம். சொல்ற ஆளுக்கும் கேக்குற ஆளுக்கும் மூணு வருஷம் வரை ஜெயில். எங்கிட்டயும் கேக்காதீங்க.

எனக்கு சின்னதுல இருந்தே ரத்தசோகை, அயர்ன் மாத்திரை தின்னு தின்னு அலுத்தாச்சி, கூடவே மாட்டேங்கு. இது ஜீனாக்கும்னு ஒரு நர்ஸ் சொன்னா, உள்ளதா?

இருக்கலாம். சிபிசின்னு ரத்த அணுவ எண்ணுற சாதா டெஸ்ட் ரிப்போர்ட்ல எம்சிவின்னு ஒரு வரி இருக்கும், சிவப்பணுவோட அளவு. அது 65, 68ன்னு குறைஞ்சிருக்கு, ஆனா சிவப்பணு எண்ணிக்கை 55 லட்சத்துக்கு மேல கூடியிருக்கு, உடம்புல சேத்து வச்ச இரும்ப காட்டுற ஃபெரிட்டின் சரியா இருக்குன்னா தலசீமியா கேரியரான்னு பாக்கணும். ஹீமோகுளோபின் வகைய பிரிச்சி பாக்குற எச்பிஎல்சின்னு டெஸ்ட், அதுல எச்பி ஏ2ங்கற வகை 3.5 சதவீதத்துக்கு மேல போனா பெரும்பாலும் கேரியர். கேரியர் நோயாளி இல்ல, நல்லா வாழலாம், தேவையில்லாம இரும்பு மாத்திரை திங்க வேண்டாம். ஆனா வீட்டுக்காரருக்கும் கட்டாயம் எச்பிஎல்சி பாருங்க. ரெண்டு பேரும் கேரியர்னா அதே நாலுல ஒண்ணு. நோய் வந்த பிள்ளைக்கு ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருக்கா வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏத்தணும். ஒரு விஷயம், ரத்தம் ஏத்துன பிறகு இந்த டெஸ்ட் எடுத்தா அடுத்தவங்க ரத்தத்த தான் பாக்குறோம், அதனால ஏத்துறதுக்கு முன்னாடியே சாம்பிள் எடுத்து வைக்க சொல்லுங்க.

எங்க போகணும்? எவ்வளவு ஆகும்?

பிள்ளைக்கு வளர்ச்சி குறைவுன்னா மொதல்ல ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆர்பிஎஸ்கேன்னு பிள்ளைகள பரிசோதிக்கிற அரசு டீம் வருவாங்க, அவங்க எழுதி விட்டா மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்புவாங்க, காசு இல்ல. மேல போகணும்னா நமக்கு சென்னைய விட திருவனந்தபுரம் கிட்ட: பிள்ளைகளுக்கு எஸ்ஏடி ஆஸ்பத்திரி, நரம்பு, தசைன்னா ஸ்ரீசித்ரா, கேன்சர்னா ஆர்சிசி. எஸ்ஏடியும் சென்னை எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியும் மத்திய அரசோட அரிய நோய் மையங்கள், 2021 கொள்கைப்படி பட்டியல்ல உள்ள நோய்க்கு 50 லட்சம் வரை உதவிக்கு அங்க தான் விண்ணப்பிக்கணும். வேலூர் சிஎம்சிலயும் மரபியல் துறை இருக்கு.

டெஸ்ட் செலவு சொன்னா மாறிட்டே இருக்கும். குரோமோசோம் டெஸ்ட் சில ஆயிரம், எக்ஸோம்னு இருபதாயிரம் ஜீன சேத்து பாக்குறது சில பத்தாயிரம். அதனால தான் சொல்லுதேன், கவுன்சிலர பாக்காம நேரா பெரிய டெஸ்ட்டுக்கு காசு கெட்டாதீங்க. டுஷேன்னு சந்தேகம்னா எம்எல்பிஏன்னு சின்ன டெஸ்ட்லயே பெரும்பாலும் தெரிஞ்சிடும். லேப்காரன் ஒரு டிப்ஸ்: குரோமோசோம் டெஸ்ட்டுக்கு பச்சை மூடி டியூப், செல்லு உயிரோட போய் சேரணும். சனிக்கிழமை சாயங்காலம் குடுத்தா ஞாயிறு முழுக்க கூரியர் ஆபீஸ்ல கெடக்கும், செல்லு வளராது, திரும்ப ரத்தம் கேப்பாங்க. திங்கள், செவ்வா வாங்க. மத்த டிஎன்ஏ டெஸ்ட்டுக்கு ஊதா மூடி, அது கொஞ்சம் தாங்கும்.

அம்மைக்கும் சித்திக்கும் மார்புல கேன்சர். எனக்கும் வருமா? நான் டெஸ்ட் எடுக்கட்டா?

மார்பக புற்றுநோய்ல பரம்பரையா வர்றது நூத்துக்கு அஞ்சுல இருந்து பத்து தான். ஆனா அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும், அதும் 50 வயசுக்கு முன்னன்னா கேக்க வேண்டிய கேள்வி தான். பிஆர்சிஏ 1, 2ன்னு ரெண்டு ஜீன், அதுல மாற்றம் இருந்தா வாழ்நாள்ல நூத்துல அறுபது எழுபது பேருக்கு வரலாம், சினைப்பைலயும் வரலாம். ஆம்பளையும் அத பிள்ளைக்கு குடுக்கலாம், அப்பா வழிய கேக்காம விடாதீங்க.

ஆனா மொத டெஸ்ட் உங்களுக்கு இல்ல, அம்மைக்கு. நோய் வந்தவங்ககிட்ட என்ன மாற்றம்னு தெரிஞ்சா தான் உங்ககிட்ட அத தேட முடியும். நீங்க மட்டும் எடுத்து "ஒண்ணும் இல்ல"ன்னு வந்தா அந்த மாற்றம் உங்களுக்கு வரலன்னு அர்த்தமா, இல்ல அம்மைக்கே வேற காரணமான்னு தெரியாது.

ரிப்போர்ட்ல "வியுஎஸ்"ன்னு போட்டிருக்கு, கூகுள்ல பாத்துட்டு உறக்கம் இல்ல.

உங்க ஜீன்ல ஒரு எழுத்து மாறியிருக்கு, அது கெடுதலா இல்லையான்னு சொல்ல இப்ப ஆதாரம் போதாது, அவ்வளவு தான் அதுக்கு அர்த்தம். அத வச்சி எந்த ஆபரேஷனும் கருக்கலைப்பும் முடிவு பண்ணக்கூடாது. அப்பா அம்மைக்கு அதே இடத்த மட்டும் பாக்க சொல்லுவாங்க, நல்லா இருக்க அப்பாகிட்டயும் அது இருந்தா பெரும்பாலும் சும்மா. ரெண்டு மூணு வருஷம் கழிச்சி திரும்ப பாக்க சொல்லுங்க, நிறைய வியுஎஸ் பிறகு "சாதா"ன்னு மாறிடும்.

எக்ஸோம் எடுத்தோம், நார்மல்னு வந்துட்டு. அப்போ பிள்ளைக்கு ஜீன் நோய் இல்லன்னு தானே?

இல்ல. அந்த டெஸ்ட்ல சிக்கலன்னு அர்த்தம். வலை கண்ணு பெருசுன்னா நெத்திலி ஓடிடும், அதுக்காக கடல்ல நெத்திலி இல்லன்னு சொல்ல முடியுமா. சில மாற்றத்துக்கு வேற வலை வேணும்.

எனக்க மவளுக்கு 10 வயசு. இப்பவே பாத்து வச்சிக்கலாமா?

பிள்ளைக்கு நோய்க்கான அறிகுறி இருக்கு, இல்ல சின்னதுலயே சிகிச்சை தொடங்கணும்னா பாக்கலாம். பிஆர்சிஏ மாதிரி பெரிய வயசுல வர்றத, கேரியரான்னு பாக்குறத எல்லாம் 18 வயசு ஆகி அவளே முடிவு பண்ணட்டும்னு விட சொல்லுவாங்க. உங்களுக்கு தெரிஞ்சிக்கணும்ங்கற பதட்டம் அவளுக்க டெஸ்ட்டுக்கு காரணம் ஆகாது.

கேரியர்னு தெரிஞ்சா மாப்பிள வீட்ல சொல்லணுமா? சொன்னா சம்பந்தம் போயிடுமே.

சட்டம் கட்டாயப்படுத்தல, எனக்க கருத்து மட்டும் சொல்லுதேன். தரகர்கிட்டயும் ஊர்லயும் சொல்ல வேண்டிய அவசியமே இல்ல. கெட்டப்போற ஆள்கிட்ட, பேச்சு உறுதி ஆகுற நேரத்துல, நேரா, ரிப்போர்ட்டோட சொல்றது நல்லது. தலசீமியா மாதிரி ரெண்டு காப்பி வேணும்ங்கற நோய்னா மாப்பிளைக்கு ஒரு டெஸ்ட் எடுத்து அவரு கேரியர் இல்லன்னா பிள்ளைக்கு அந்த நோய் வர வழி அநேகமா இல்ல, இத சொன்னா பாதி பயம் போயிடும். ரெண்டு பேரையும் ஒண்ணா கவுன்சிலர்கிட்ட அனுப்புறது இன்னும் நல்லது, அந்நிய ஆளு சொன்னா தான் நம்ம ஆளுவ நம்புவாவ.

டெஸ்ட்ல பிள்ளைக்க அப்பா வேற ஆளுன்னு தெரிஞ்சிருமா?

சிரிக்காதீங்க, இத தனியா கூப்பிட்டு கேட்டவங்க உண்டு. அப்பா, அம்மை, பிள்ளை மூணு பேருக்கும் சேத்து எடுக்குற டெஸ்ட்ல தெரிய வாய்ப்பு உண்டு. அது போக தத்து எடுத்தது, தானமா வாங்குன விந்துல பெறந்தது, வீட்ல சொல்லாம வச்சிருக்கதும் வெளிய வரலாம். டெஸ்ட்டுக்கு முன்ன கவுன்சிலர்கிட்ட தனியா ரெண்டு நிமிஷம் கேளுங்க, சொல்லிடுங்க, அத எப்படி கையாளணும்னு அவங்களுக்கு தெரியும்.

எனக்கு கேரியர்னு வந்துட்டு, தங்கச்சிக்கு கல்யாணம் பேசுதாவ, அவகிட்ட சொல்லாண்டாம்னு அம்மை சொல்லுதா. டாக்டர் நேரா அவள கூப்பிட்டு சொல்ல மாட்டாரா?

மாட்டாரு. உங்க ரிப்போர்ட் உங்களோடது, நீங்க சம்மதிக்காம தங்கச்சிக்கு அவரு சொல்லக்கூடாது. கேட்டா சொந்தக்காரங்களுக்கு குடுக்க ஒரு கடிதம் எழுதி தருவாங்க, உங்க பேர் இல்லாம கூட.

இது எங்க வீட்லயே நடந்தது. அக்காவுக்க ரிசல்ட் வந்து ஆறு மாசம், எங்க அம்மை அந்த கவர பீரோல சேலைக்கு அடியில வச்சி பூட்டிட்டா, சின்னவளுக்கு நிச்சயம் முடியட்டும்னு. எனக்கு தெரியும், வாய தொறக்க முடியல, அக்காவுக்க விஷயம் இல்லியா. கடைசில ஒரு ஞாயித்துக்கிழமை பயல தூக்கி குளிப்பாட்டிட்டு இருக்கும்போ அக்காவே போன ஸ்பீக்கர்ல போட்டு சின்னவள கூப்பிட்டு சொன்னா. ரெண்டு பேரும் அழுதாங்க, பிறகு சண்ட போட்டாங்க, "ஆறு மாசம் ஏன் மறைச்ச"ன்னு, நோய பத்தி ஒரு வார்த்தை சண்டை இல்ல. அடுத்த செவ்வாக்கிழமை அவ லேப்புக்கு வந்தா, ஊதா மூடி டியூப்ல நான் தான் ரத்தம் எடுத்தேன். என்ன வந்ததுன்னு கேக்காதீங்க, அது அவளுக்க ரிப்போர்ட்.